செக்யூர் பூட்டும் லினக்ஸும்: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு "லினக்ஸ் போட்டுக் கொடுங்க" என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறையிலிருந்து போனிலும் கேட்கிறார்கள். பாதிப் பேருக்குச் சந்தேகம் செக்யூர் பூட்டில்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதில் பிடிபடும்.

செக்யூர் பூட்னா என்னண்ணே? ஆன்டிவைரஸ் மாதிரியா?

இல்லை. ஆன்டிவைரஸ் வேலை செய்வது விண்டோஸ் எழுந்த பிறகு. செக்யூர் பூட்டின் வேலை அதற்கு முன்பே, பவர் பட்டனை அழுத்திய சில நொடிகளில் முடிந்துவிடும். மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது நாம் இன்னும் பழக்கத்தில் பயாஸ் என்று சொல்வது, பூட்லோடரை (விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும் சிறு நிரல்) ஓடவிடும் முன் அதிலுள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிக்கும். தன்னிடம் உள்ள சாவிகளில் ஒன்றோடு பொருந்தினால் ஓடவிடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும். பென் டிரைவில் வரும் வைரஸையோ வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலியையோ அது தடுக்காது.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் இது எல்லா லேப்டாப்பிலும் பரவியது. விண்டோஸ் 7 காலத்து மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கமே தேவைப்படாது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் செட்டும் அந்தக் காலத்ததுதான்.

என் லேப்டாப்ல அது ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கானு எப்படிப் பாக்குறது?

விண்டோஸில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால் "செக்யூர் பூட் ஸ்டேட்" என்ற வரி இருக்கும். லினக்ஸில் மோக்யூட்டில் கட்டளையை எஸ்பி-ஸ்டேட் என்ற ஆப்ஷனோடு அடித்தால் ஒரே வரியில் சொல்லிவிடும். விண்டோஸின் அந்த வரியில் "அன்சப்போர்ட்டட்" என்று வந்தால் மெஷின் பழைய லெகசி முறையில் பூட் ஆகிறது என்று பெரும்பாலும் பொருள்.

உள்ள எத்தனை சாவி சார் இருக்கு? யாரு வச்சது?

நான்கு அடுக்கு. உச்சியில் இருப்பது பிளாட்ஃபார்ம் கீ, சுருக்கமாக பிகே. இது லேப்டாப் செய்த நிறுவனத்தினுடையது. அதற்குக் கீழே கீ எக்ஸ்சேஞ்ச் கீ, சுருக்கமாக கேஇகே. இதில் வழக்கமாக மைக்ரோசாஃப்டின் சாவியும், சில சமயம் லேப்டாப் நிறுவனத்தின் சாவியும் இருக்கும். மூன்றாவது டிபி: எவருடைய கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல். நான்காவது டிபிஎக்ஸ்: எவற்றை ஏற்கவே கூடாது என்ற தடைப் பட்டியல். பிகே வைத்திருப்பவர்தான் கேஇகேயை மாற்றலாம், கேஇகே வைத்திருப்பவர்தான் டிபியையும் டிபிஎக்ஸையும் மாற்றலாம். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், 2026 பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

டிபிக்குள் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்கள் வழக்கமாக இரண்டு. ஒன்று விண்டோஸுக்கு மட்டும். மற்றது "மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் யூஇஎஃப்ஐ சிஏ 2011", வெளியார் எழுதும் மென்பொருளுக்குக் கையெழுத்துப் போட வைத்திருப்பது. லினக்ஸ் நம்பியிருப்பது இந்த இரண்டாவதை.

மைக்ரோசாஃப்ட் சாவி இருக்கிற மெஷின்ல உபுண்டு எப்படி ஓடுது? அவங்க எதுக்கு விடணும்?

நடுவில் ஷிம் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. 2012-இல் மேத்யூ கேரெட் எழுதி வெளியிட்டது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்டுப் போகிறவரை வங்கிக்குத் தெரியாது, ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போடுபவரைத் தெரியும் அல்லவா, ஷிம் அந்த ஜாமீன்தாரர். மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போடுவது ஷிம்முக்கு மட்டும். ஷிம்முக்குள் உபுண்டுவின் சொந்தச் சாவி பொதிந்திருக்கிறது. அதைக் கொண்டு ஷிம், கிரப் என்ற லினக்ஸ் பூட்லோடரைச் சரிபார்க்கும், கிரப் லினக்ஸின் மையமான கர்னலைச் சரிபார்க்க வைக்கும், கர்னல் டிரைவர் போன்ற தன் மாட்யூல்களைச் சரிபார்க்கும்.

2013 ஜனவரியில் வந்த ஃபெடோரா 18 இப்படித்தான் செக்யூர் பூட்டோடு ஓடியது. டெபியனுக்கு இது கிடைத்தது 2019-இல், டெபியன் 10-இல். இன்று உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட், ஓப்பன்சூஸே எல்லாமே செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே இன்ஸ்டால் ஆகும். ஆர்ச் லினக்ஸின் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) ஆகாது, அதற்கு நீங்களே கையெழுத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கடைல எல்லாரும் "ஆஃப் பண்ணிடுங்க"னுதான் சொல்றாங்க. ஆஃப் பண்ணா என்ன கெட்டுப் போகும்?

உடனே ஒன்றும் கெட்டுப் போகாது. விண்டோஸ் 11 கூட ஓடும், அது கேட்பது செக்யூர் பூட் வசதி மெஷினில் இருக்க வேண்டும் என்றுதான். வீட்டில் வேலரன்ட் விளையாடும் பிள்ளை இருந்தால் மட்டும் அன்றைக்கே சத்தம் வரும், விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டுக்கு செக்யூர் பூட் ஆனில் இருந்தாக வேண்டும்.

ஆனாலும் எதற்கெடுத்தாலும் ஆஃப் பண்ணச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். பூட்லோடர் இடத்தில் உட்காரும் தீநிரலை ஆன்டிவைரஸ் கண்டுபிடிப்பது கடினம், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் அது போகும் என்று நிச்சயமில்லை. இப்படிப்பட்டவை வெறும் கற்பனையும் இல்லை. 2023-இல் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல், செக்யூர் பூட்டில் இருந்த ஓர் ஓட்டை வழியாகவே நுழைந்தது. பூட்டியிருந்த வீட்டுக்குள்ளேயே அது வந்தது என்றால் திறந்து கிடக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஹாஸ்டல், பஸ், ஆபீஸ் என்று ஊர் சுற்றும் லேப்டாப்பில் ஆனில் விடுங்கள். அரிசி மில் ஆபீஸில் பில் போட மட்டும் ஓடும் பழைய டெஸ்க்டாப் என்றால் ஆஃப் பண்ணினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆஃப் பண்ணேன், உடனே நீலத் திரைல 48 நம்பர் கேக்குது! பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் உள்ள இருக்கு, என்ன பண்றது?

பதறாதீர்கள். முதலில் போய் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் பண்ணுங்கள், பெரும்பாலும் எதுவும் கேட்காமல் விண்டோஸ் எழுந்துவிடும். நடந்தது இதுதான்: டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் சாவி, சாவிகளைப் பத்திரமாக வைக்கும் டிபிஎம் சிப்பில் இருக்கிறது. செக்யூர் பூட் நிலை மாறினால் "இது பழைய மெஷின் இல்லையே" என்று டிபிஎம் சாவியைத் தர மறுக்கும். அப்போதுதான் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். "நான் பிட்லாக்கரே போடலையே" என்பார்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு முதன்முறை உள்ளே போகும்போதே பல மாடல்களில் அது தானாகப் போட்டுக்கொள்கிறது.

ரெக்கவரி கீ அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். சிக்கல் எங்கே என்றால், லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் தன் வேகத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கிப் போட்டிருப்பார், அதன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. கீ இல்லையென்றால் ஃபைல்களை மீட்க வழியே இல்லை. நான் மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவுக்கே கொண்டுபோனாலும் முடியாது. ஆகவே பயாஸில் கை வைப்பதற்கு முன் அக்கவுன்ட்டுக்குள் போய்க் கீயைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஃபைல்களை வெளியே எடுத்து வையுங்கள், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

என்விடியா டிரைவர் போட்டேன், ஏதோ பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா புரியாத நீலத் திரை. பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.

அது முந்தின கேள்வியில் வந்த நீலத் திரை இல்லை, ஷிம்மின் கூடவே வரும் மோக் மேனேஜர். என்விடியா டிரைவரையும் விர்ச்சுவல்பாக்ஸையும் உங்கள் மெஷினிலேயே கம்பைல் பண்ணும்போது, அந்த மாட்யூலுக்கு உபுண்டுவின் கையெழுத்து இருக்காது. அதனால் உங்கள் பெயரில் ஒரு சாவி உருவாக்கி, அதைக் கொண்டு மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட்டு, "இந்தச் சாவியை நம்பு" என்று ஷிம்மிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாவிதான் மோக், மெஷின் ஓனர் கீ. யாரோ தொலைவிலிருந்து ஒரு சாவியை நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுத்தச் சொல்கிறது.

நீலத் திரை வந்ததும் பத்து நொடி எண்ணிக்கை ஓடும், அதற்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்கள். பட்டியலில் "என்ரோல் மோக்", அடுத்து "கன்டினியூ", அடுத்து "யெஸ்", பிறகு நீங்கள் வைத்த பாஸ்வேர்ட், கடைசியில் "ரீபூட்". முதல் வரியாக இருக்கும் "கன்டினியூ பூட்" மேல் என்டர் தட்டினால் கோரிக்கை கைவிட்டுப் போகும், மோக்யூட்டில் இம்போர்ட் மறுபடி செய்ய வேண்டும். அந்தத் திரையில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது எழுத்து ஒன்றும் தெரியாது, லேஅவுட்டும் அமெரிக்க ஆங்கிலம் மட்டும். தமிழ்99 பழக்கத்தில் இருப்பவர்கள் சின்ன ஆங்கில எழுத்தும் எண்களுமாக வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. ஒரே ஒரு முறை பயன்படும் பாஸ்வேர்ட்தான் அது.

கரன்ட் போற ஊரு நம்ம ஊரு. ஹைபர்னேட் ஏன் சார் வேலை செய்யல?

செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பெரும்பாலான லினக்ஸ்கள் கர்னலை லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு நிலையில் எழுப்பும். 2019-இல் வந்த கர்னல் 5.4-இல் சேர்ந்த வசதி இது. ஹைபர்னேட் செய்யும்போது மெமரி முழுவதும் டிஸ்க்கில் எழுதப்படுகிறது, அதற்குக் கையெழுத்து கிடையாது. யாராவது அதை மாற்றிவைத்தால் இத்தனை சோதனையும் வீண். அதனால் ஹைபர்னேட்டையே மூடிவிட்டார்கள். சஸ்பெண்ட் வேலை செய்யும். பேட்டரி போன லேப்டாப்புக்கு இது உண்மையான இழப்பு, மறுக்கவில்லை.

சிமோஸ் பேட்டரி செத்துப் போச்சு, தேதி 2012 காட்டுது. செக்யூர் பூட் சொதப்புமா?

சாவிகள் இருப்பது ஃபிளாஷ் மெமரியில், பேட்டரி போனாலும் அழியாது. ஃபர்ம்வேர் கையெழுத்தைச் சோதிக்கும்போது பொதுவாகத் தேதியைப் பார்ப்பதும் இல்லை. சில போர்டுகளில் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பி செக்யூர் பூட் தானாக ஆன் அல்லது ஆஃப் ஆகலாம், அவ்வளவே. சிஆர்2032 பேட்டரி பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள்.

2026 ஜூனோட சாவி காலாவதி ஆகுதாமே, அப்புறம் லினக்ஸே பூட் ஆகாதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் பாதி உண்மை. மேலே சொன்ன யூஇஎஃப்ஐ சிஏ 2011, மைக்ரோசாஃப்டின் கேஇகே 2011, இரண்டுக்கும் காலாவதி 2026 ஜூன். விண்டோஸுக்கான சான்றிதழுக்கு 2026 அக்டோபர். ஆனால் முந்தின பதிலில் சொன்னபடி ஃபர்ம்வேர் தேதி பார்ப்பதில்லை. ஏற்கெனவே கையெழுத்தான ஷிம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் லேப்டாப் செத்துக் கிடக்கும் என்பது வதந்தி.

உண்மையான சிக்கல் புதியவற்றில். காலாவதியான சாவியால் புதிய கையெழுத்துப் போட முடியாது. இனி வரும் ஷிம்களுக்கு 2023-ஆம் ஆண்டுச் சாவிதான். உங்கள் மெஷினின் டிபியில் "மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சிஏ 2023" இல்லாவிட்டால், அந்தப் புதிய கையெழுத்து மட்டும் உள்ள இன்ஸ்டால் பென் டிரைவ் செக்யூர் பூட் ஆனில் ஏறாது. தடைப் பட்டியலுக்கான அப்டேட்டும் நாளடைவில் வராமல் போகும், ஏனென்றால் அதற்குப் புதிய கேஇகே வேண்டும். மோக்யூட்டில் கட்டளையை டிபி ஆப்ஷனோடு அடித்து, வரும் பட்டியலில் 2023 தென்படுகிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் மூன்று வழியில் வரலாம்: விண்டோஸ் அப்டேட், நிறுவனம் தரும் பயாஸ் அப்டேட், லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற ஃபர்ம்வேர் அப்டேட் கருவி. இங்கேதான் அந்த நான்கு அடுக்கு வரிசை குறுக்கே வருகிறது. புதிய கேஇகேயை ஏற்ற, லேப்டாப் நிறுவனம் தன் பிகேயால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய மாடலை அந்த நிறுவனம் கைகழுவியிருந்தால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் கேஇகே மாறாது. டெல்டாவில் ஓடும் செகண்ட் ஹாண்ட் லேப்டாப்களில் பல இந்த ரகம். டிபியிலும் 2023 ஏறாவிட்டால் அவற்றுக்கு இரண்டே வழி: அடுத்த பதிலில் உள்ளபடி நீங்களே சாவி போடுவது, அல்லது ஆஃப் பண்ணுவது.

நானே என் சாவியப் போட முடியுமா? மைக்ரோசாஃப்ட் சாவிய மொத்தமா தூக்கிடலாமா?

முடியும், என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டிலேயே மதிக்கத்தக்க அம்சம் இதுதான். ஃபர்ம்வேர் மெனுவில் பிகேயை அழித்தால் மெஷின் செட்டப் மோடுக்கு வரும். அப்போது எஸ்பிசிடிஎல் என்ற கருவி உங்கள் பெயரில் பிகே, கேஇகே, டிபி மூன்றையும் உருவாக்கி ஏற்றிவிடும், கர்னலுக்குக் கையெழுத்தும் போடும். அதன் பிறகு அந்த மெஷினில் கடைசி வார்த்தை உங்களுடையது.

மைக்ரோசாஃப்ட் சாவியை மொத்தமாகத் தூக்காதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்குள் இருக்கும் ஆப்ஷன் ராம் என்ற சிறு ஃபர்ம்வேருக்கும் அவர்கள் கையெழுத்துதான். அந்தச் சாவி இல்லாவிட்டால் கார்டு எழாது, திரை கறுப்பாகவே நிற்கும். சில லேப்டாப்களில் பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் மதர்போர்டு வீணாகிவிடும். சாவி ஏற்றும்போது மைக்ரோசாஃப்ட் சாவிகளையும் சேர்க்கும் ஆப்ஷன் அந்தக் கருவியிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். கூடவே ஃபர்ம்வேருக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள். அது இல்லையென்றால் எவர் வேண்டுமானாலும் உள்ளே போய் ஆஃப் பண்ணிவிடலாம்.

விண்டோஸ் அப்டேட் போட்டதும் உபுண்டு போச்சு. "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்"னு வந்து ஆஃப் ஆயிடுது.

2024 ஆகஸ்டில் உலகம் முழுக்க நடந்தது. பின்கதை 2020 ஜூலையில் தொடங்குகிறது. கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, பழைய கிரப்களையும் ஷிம்களையும் ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் போட வேண்டி வந்தது. டிபிஎக்ஸுக்கு இருக்கும் இடம் சுமார் 32 கிலோபைட், அந்த ஒரு சம்பவமே அதில் 10 கிலோபைட்டைத் தின்றுவிட்டது. இப்படியே போனால் இடம் போதாது என்று எஸ்பேட் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஷிம்முக்கும் கிரப்புக்கும் தலைமுறை எண் உண்டு, "இந்த எண்ணுக்குக் கீழே உள்ளதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் தடுத்துவிடலாம்.

2024 ஆகஸ்ட் அப்டேட் அந்த எண்ணை உயர்த்தியது. இரட்டை பூட் மெஷின்களை விட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு, ஆனால் பல மெஷின்களை அது அடையாளம் காணவில்லை. பழைய ஷிம் வைத்திருந்த லினக்ஸ் நின்றுபோனது. சரிசெய்ய: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் பண்ணுங்கள் (48 இலக்க விஷயத்தை மறக்காமல்), லினக்ஸுக்குள் போங்கள், மோக்யூட்டிலில் எஸ்பேட் பாலிசியை டெலீட் என்று வையுங்கள், ஒருமுறை ரீபூட் செய்து ஷிம்மையும் கிரப்பையும் அப்டேட் செய்யுங்கள், பிறகு ஆன் பண்ணுங்கள். இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் லினக்ஸ் பக்கமே போகாமல் இருந்தால் இது இன்னொரு தடவையும் வரும்.

புது திங்க்பேட்ல லினக்ஸ் பென் டிரைவே எடுக்கல, விண்டோஸ் மட்டும்தான் ஓடுது. பூட்டிட்டாங்களா?

பூட்டவில்லை. 2022 முதல் செக்யூர்டு-கோர் என்ற கூடுதல் பாதுகாப்பு வகை மெஷின்கள் சிலவற்றில், வெளியாருக்கான அந்த இரண்டாவது சான்றிதழ் தொடக்கத்திலேயே ஆஃபில் வருகிறது. பயாஸில் செக்யூர் பூட் பகுதியில் "அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ" என்று இருக்கும், அதை ஆன் பண்ணினால் போதும். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணத் தேவையில்லை.

ப்ராஜெக்டுக்கு நாங்களே கர்னல் கம்பைல் பண்ணோம். மோக் எல்லாம் போட்டும் "பேட் ஷிம் சிக்னேச்சர்"னு நிக்குது.

நல்ல மாணவர்கள் மாட்டும் இடம் இது. என்விடியாவுக்காக உபுண்டு தானே உருவாக்கிய மோக்கால் கர்னலுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தச் சாவியின் சான்றிதழில் "மாட்யூலுக்கு மட்டும்" என்ற குறிப்பு இருக்கிறது, ஷிம் அதைக் கர்னலுக்கு ஏற்காது. அந்தக் குறிப்பு இல்லாமல் தனியாக இன்னொரு மோக் உருவாக்கி, என்ரோல் செய்து, எஸ்பிசைன் கருவியால் கர்னலுக்குக் கையெழுத்துப் போடுங்கள். உபுண்டு உருவாக்கிய சாவி அதே மெஷினின் டிஸ்க்கில்தான் கிடக்கிறது, ரூட் (மெஷினின் முழு அதிகாரம்) கிடைத்தவர் அதைப் பயன்படுத்திவிடலாம். உங்கள் புதிய சாவியை அங்கே வைக்காமல் தனி பென் டிரைவில் வையுங்கள்.

கடைசில இது மைக்ரோசாஃப்ட் லினக்ஸ ஒழிக்கப் போட்ட திட்டம்தானே?

அப்படி நான் நினைக்கவில்லை. விண்டோஸ் 8 காலத்தில் சாதாரண பிசிக்களில் ஆஃப் பண்ணும் வசதியும் சொந்தச் சாவி போடும் வசதியும் இருந்தே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதி போட்டது. அதே சமயம் ஆர்ம் சிப்பில் ஓடிய விண்டோஸ் ஆர்டி மெஷின்களில் ஆஃப் பண்ணவே கூடாது என்றும் போட்டது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, ஆஃப் பட்டன் வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளர் விருப்பம் என்று ஆனது. கவலைப்பட வேண்டிய நகர்வு அதுதான். மற்றபடி அலட்சியம் லேப்டாப் நிறுவனங்களிடமும் உண்டு. "டூ நாட் டிரஸ்ட்" என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியை பிகேயாக வைத்து நூற்றுக்கணக்கான மாடல்கள் சந்தைக்கு வந்திருந்தது 2024-இல் பிகேஃபெயில் என்ற பெயரில் அம்பலமானது.

அடி விழுவது சின்ன லினக்ஸ்களுக்கு. நாலு பேர் சேர்ந்து தமிழுக்கென்று ஒரு லினக்ஸ் செய்தால், சொந்த ஷிம்முக்குக் கையெழுத்து வாங்குவது லேசில்லை. சாவியை எப்படிப் பாதுகாக்கிறார்கள், எந்த ஓட்டைகளை அடைத்தார்கள் என்று சமூகத்தின் சோதனையைத் தாண்டித்தான் மைக்ரோசாஃப்டிடம் போக வேண்டும். நடைமுறையில் டெபியனின் ஷிம்மையும் கர்னலையும் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். உலகத்து பிசிக்களுக்கெல்லாம் ஒரே நிறுவனம் கையெழுத்துப் போடுவது ஆரோக்கியமான ஏற்பாடு இல்லை, அந்த நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வாங்கப் போறேன். இதுல எதப் பாக்கணும்?

கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட மெஷின்களில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும், விற்பவருக்கே தெரியாது. அது இருந்தால் செக்யூர் பூட்டை ஆனும் பண்ண முடியாது, ஆஃபும் பண்ண முடியாது, சாவியும் மாற்ற முடியாது. பிறகு செக்யூர் பூட் பகுதியில் சாவிகளை அழிக்கவும் கஸ்டம் மோடுக்குப் போகவும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கையோடு ஒரு உபுண்டு பென் டிரைவ் கொண்டுபோய் லைவாக ஏற்றி, மோக்யூட்டிலை பிகே ஆப்ஷனோடு அடித்து "டூ நாட் டிரஸ்ட்" வருகிறதா என்றும், டிபி ஆப்ஷனில் 2023 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்ட் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். 2023 மட்டும் இல்லை, மற்றதெல்லாம் சரி என்றால் பேரம் பேசி வாங்குங்கள்.